கும்மிடிப்பூண்டி வெயிலும் கோணல் கூலிங் கிளாஸும்

கூலிங் கிளாஸ் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் உட்கார்ந்தால், நம் கை உடனே அதைக் கழற்றி முறுக்கத்தான் போகும். அப்படி முறுக்கி உடைந்து வந்த பிரேம்கள் என் மேஜை இழுப்பறை நிறையக் கிடக்கின்றன. எந்த இடத்தில் கோணல் என்று பார்க்காமல் வேறு இடத்தில் கை வைத்ததால் உடைந்தவை அவை.

கும்மிடிப்பூண்டியில் ரயிலடிக்குப் போகும் வழியில் எங்கள் கண்ணாடிக்கடை. பவர் பார்ப்பது, லென்ஸ் வெட்டிப் பொருத்துவது, பிரேம் சரிசெய்வது எல்லாம் நடக்கும். இந்த ஊரில் பிரேம் சரிசெய்யும் வேலைக்கு ஓய்வே கிடையாது. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை. இரும்பு உருக்காலைகள், கம்பி உருட்டும் ஆலைகள், வார்ப்படத் தொழிற்சாலைகள். ஷிப்ட் மாறும் நேரத்தில் பைக்குகள் வரிசையாகக் கிளம்பும். இன்னொரு பக்கம் சென்னையிலிருந்து கொல்கத்தா வரைக்கும் ஓடும் ஜி.என்.டி. சாலை, அதில் இரவும் பகலும் லாரி. கிழக்கே பழவேற்காடு, அங்கே ஏரியிலும் கடலிலும் தொழில் செய்பவர்கள். மூன்று கூட்டத்துக்கும் வெயில் ஒன்றுதான். கண்ணாடி கோணலாகிற விதம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

பைக்கில் வருபவரின் கண்ணாடியில் பெரும்பாலும் இடது கால்தான் அகன்றிருக்கும். (காது மேல் போய் உட்காரும் நீளத் தண்டைத்தான் கால் என்கிறேன்.) வலது கை ஆக்சிலேட்டரில் இருக்க, சிக்னலிலோ கேட்டிலோ இடது கையால் மட்டும் கண்ணாடியை இழுத்துக் கழற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் இடது கீல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விரியும். லாரி ஓட்டுநருக்கு நேர் எதிர். இடது கை கியரில், வலது கை ஜன்னல் பக்கம். அவர் வலது கையால் கழற்றுவார், வலது கால் அகலும். கண்ணாடியைக் கையில் வாங்கியதுமே "தம்பி, லாரியா பைக்கா?" என்று நான் கேட்பது இதற்காகத்தான். காரணம் தெரியாமல் நிமிர்த்திக் கொடுத்தால் அடுத்த மாதமே அதே கோணலோடு திரும்பி வருவார்கள்.

இரண்டு கையாலும் போட வேண்டும், இரண்டு கையாலும் கழற்ற வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு இது உண்மையிலேயே சிரமம். அதனால் வண்டியை ஓரம் கட்டிய பிறகு கழற்றுங்கள் என்று சொல்கிறேன். கண்ணுக்கும் பிரேமுக்கும் மட்டுமில்லை, உயிருக்கும் அதுதான் நல்லது.

அடுத்த காரணம் ஹெல்மெட். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே ஹெல்மெட்டை அழுத்தினால் உள்ளே இருக்கும் பஞ்சு, கால்களை ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் தள்ளிவிடும். ஹெல்மெட் முதலில், கண்ணாடி பிறகு. இரண்டு கால்களையும் பஞ்சுக்கும் பொட்டுக்கும் நடுவே நேராகச் சொருக வேண்டும். முனை அதிகம் வளைந்த கால் இதற்கு ஒத்துவராது. தினமும் ஹெல்மெட் போடுபவருக்குக் கால் ஏறக்குறைய நேராக இருக்கும் பிரேம்தான் வசதி. வாங்கும்போதே ஹெல்மெட்டைக் கடைக்கு எடுத்து வரச் சொல்கிறேன். போட்டுப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

மூன்றாவது காரணம், இந்த ஊரில் யாரும் தப்ப முடியாதது: சூடு. மே மாதத்தில் வெட்டவெளியில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு 70 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். ஷெல் பிரேம் என்று நாங்கள் சொல்லும் அசிடேட் பிரேம் 60 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கிவிடும். இளகிய பிரேம் எந்த வாக்கில் கிடக்கிறதோ அந்த வாக்கிலேயே ஆறி இறுகும். சாய்ந்து கிடந்தால் சாய்ந்தபடி. பைக் டேங்க் மேல் பை, லாரியின் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டு, உலைக்குப் பக்கத்து ஜன்னல் திட்டு, இவை எதிலும் கண்ணாடியை வைக்கக் கூடாது. கெட்டியான டப்பாவில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்தால் போதும்.

இனி வளைக்கும் விஷயம். வளைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இரண்டு: மேஜையில் கண்ணாடி, முகத்தில் கண்ணாடி.

மேஜைச் சோதனை இப்படி. சமதளமான மேஜையில், அல்லது நிலைக்கண்ணாடியைப் படுக்கவைத்து அதன் மேல், கால்களை விரித்தபடி பிரேமைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். பிரேமின் மேல் விளிம்பு இரண்டு பக்கமும், கால்கள் இரண்டும் தரையைத் தொட வேண்டும். ஒரு விரலால் மெல்லத் தட்டினால் ஆடக் கூடாது. ஆடினால் ஒரு கால் மற்றதைவிட மேலேயோ கீழேயோ இருக்கிறது என்று பொருள். பிறகு நிமிர்த்தி வைத்து, கால் முனைகள் இரண்டும் தரையில் படுகிறதா என்று பாருங்கள். கடைசியாகக் கால்களை மடித்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று இணையாகப் படுத்திருக்க வேண்டும். ஒன்று மேலே தூக்கிக்கொண்டு இருந்தால் கோணல் கீலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஓட்டப்பந்தய வீரர்கள் போடுவது போல முகத்தைச் சுற்றி வளைந்த கண்ணாடிகளுக்கு இந்தச் சோதனையை அப்படியே நம்ப முடியாது. அவற்றின் முன்பகுதியே வில்லாக வளைந்திருக்கும், மேல் விளிம்பு முழுதும் தரையில் படாது. அங்கே ஆட்டம் இருக்கிறதா, இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கிறேன்.

மேஜையில் நேராக இருக்கும் கண்ணாடி முகத்தில் கோணலாக உட்காரலாம். இதை ஏற்றுக்கொள்ளத்தான் பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒருமுறை ஒரு லாரி ஓட்டுநர் புது ஏவியேட்டர் கண்ணாடியோடு கோபமாக வந்தார். "அக்கா, ஏமாத்திட்டானுங்க. வாங்கின அன்னிக்கே கோணல்." மேஜையில் வைத்துக் காட்டினேன், அசையவில்லை. "தம்பி, கண்ணாடி நேராத்தான் இருக்கு. உங்க வலது காது கொஞ்சம் இறக்கமா இருக்கு, அவ்வளவுதான்" என்றேன். அவர் நிலைக்கண்ணாடியில் தன் முகத்தை நெடுநேரம் பார்த்தார். இத்தனை வருஷமும் அதை அவர் கவனித்ததில்லை. இதில் வருத்தப்பட எதுவும் இல்லை. இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருப்பவரை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். யாருக்கோ மூக்கெலும்பு சின்ன வயதில் அடிபட்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், யாருக்கோ ஒரு புருவம் தூக்கலாக இருக்கும். முகத்துக்கு ஏற்றபடி கண்ணாடியைத்தான் கொஞ்சம் கோணலாக்க வேண்டும், அப்போதுதான் அது நேராகத் தெரியும்.

புருவத்தை மட்டும் அளவாக வைக்காதீர்கள். நான் பார்ப்பது கருவிழியை. ஆளை நேராக உட்காரவைத்து, எதிரே அவர் கண் மட்டத்துக்கே என் கண்ணையும் கொண்டு வந்து, இரண்டு கருவிழியும் லென்ஸின் கீழ் விளிம்பிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று பார்ப்பேன். லென்ஸ் ரொம்பக் கறுப்பாக இருந்தால் பின்னாலிருந்து சின்ன டார்ச் வெளிச்சம் காட்டலாம். வீட்டில் தனியாகப் பார்ப்பதானால், போனைக் கண் மட்டத்தில் நிறுத்தி, தலையைச் சாய்க்காமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நிலைக்கண்ணாடி முன்னால் நின்றால் தலையை நம்மை அறியாமலே சாய்த்துக்கொள்வோம்.

கோணல் எது என்று தெரிந்துவிட்டால் திருத்தும் விதி சுலபம். எந்தப் பக்கம் உயர்ந்து நிற்கிறதோ, அந்தப் பக்கத்துக் காலை மேலே வளையுங்கள். எந்தப் பக்கம் இறங்கி நிற்கிறதோ, அந்தப் பக்கத்துக் காலைக் கீழே வளையுங்கள். கேட்டால் தலைகீழாகத் தோன்றும். காதின் உயரம் மாறாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் புரிந்துவிடும். கால் காது மேல் நிலையாக இருக்கிறது. அதைக் கீழே வளைத்தால் முன்னால் இருக்கும் லென்ஸ் மேலே எழும்பும். அந்த ஓட்டுநருக்கு வலது காது இறக்கம், அதனால் வலது லென்ஸும் இறங்கியிருந்தது. வலது காலைக் கீலுக்குச் சற்று முன்னால், பிரேமின் முன்பகுதியோடு சேரும் இடத்தில் பிடித்து, ஒரு மயிரிழை கீழே வளைத்ததும் லென்ஸ் மட்டத்துக்கு வந்துவிட்டது.

லென்ஸ் கண்ணுக்கு அருகிலும் தூரத்திலும் இருப்பது இன்னொரு வகைக் கோணல். தலையைக் குனியச் சொல்லி, மேலிருந்து நெற்றி வழியாகப் பார்த்தால் தெரியும். வலது லென்ஸ் முகத்தை ஒட்டியும் இடது லென்ஸ் விலகியும் இருந்தால், வலது கால் வெளியே விரிந்துவிட்டது. அதை உள்ளே கொண்டுவர வேண்டும். ஒட்டியிருக்கும் பக்கத்துக் காலை உள்ளே, விலகியிருக்கும் பக்கத்துக் காலை வெளியே. ஒரு கையால் கழற்றும் பழக்கத்தால் வருவது இந்த வகைதான். இமைமுடி லென்ஸில் உரசுகிறது, ஒரு கன்னத்தில் மட்டும் பிரேம் பட்டுத் தழும்பு விழுகிறது என்று வருபவர்களுக்கும் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

கொஞ்சமாக வளையுங்கள், போட்டுப் பாருங்கள், மறுபடி கொஞ்சம் வளையுங்கள். காலின் நீளம் 13, 14 செ.மீ. இருப்பதால் கீல் பக்கத்தில் ஒரு சின்ன அசைவே முனையில் பெரிதாகத் தெரியும்.

காதுக்குப் பின்னால் இறங்கும் வளைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காது தலையோடு சேரும் உச்சி இருக்கிறதே, வளைவு சரியாக அங்கேயிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முன்னாலேயே வளைந்தால் காதின் பின்புறம் அறுக்கும், பிரேமும் தூக்கும். தாண்டி வளைந்தால் பிடிப்பு இல்லாமல் வழுக்கும். நம் கடலோரக் காற்றில் வியர்வைக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கினால் பத்தே நிமிடத்தில் கண்ணாடி சாய்ந்துவிடும். காலையில் நேராக இருந்தது மதியத்துக்குள் கோணலாகிறது என்றால், கீலில் கை வைக்காதீர்கள், இந்த வளைவைப் பாருங்கள்.

காலின் உட்புறத்தில் சின்ன எழுத்தில் எண்கள் இருக்கும், படித்துப் பாருங்கள். 58, 14, 135 என்று வரிசையாக இருந்தால் லென்ஸின் அகலம் 58 மி.மீ., மூக்குப் பாலம் 14, காலின் நீளம் 135. பெரிய தலைக்கு 135 போதாமல் போகலாம். அப்போது வளைவு காது உச்சிக்கு முன்னாலேயே விழும், எவ்வளவு சரிசெய்தாலும் நிற்காது. அளவு பொருந்தாத பிரேமை வளைத்து வளைத்து யாரும் சரிக்கட்ட முடியாது. 145 உள்ளதை வாங்குங்கள் என்று நேராகச் சொல்லிவிடுவேன். சில நிறுவனங்கள் அதன் பக்கத்திலேயே 3N, 3P என்றும் போடுவார்கள். 3 என்பது லென்ஸின் கறுப்பு அளவு, P என்றால் போலரைஸ்டு. 4 என்று போட்டிருந்தால் அதை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. அந்த லென்ஸ் நூற்றுக்கு எட்டுப் பங்கு வெளிச்சத்துக்கு மேல் உள்ளே விடாது; மலைப்பனியில் நடப்பவர்களுக்கானது அது, ஜி.என்.டி. சாலைக்கானது அல்ல.

எதை எப்படி வளைப்பது என்பது பிரேம் என்ன பொருளால் ஆனது என்பதைப் பொறுத்தது. கம்பி பிரேமைச் சூடாக்க வேண்டியதில்லை. நைலான் வாய் வைத்த பிளையரால், அது இல்லாவிட்டால் துணி சுற்றிய விரலால் பிடித்து மெல்ல வளைக்கலாம். லென்ஸுக்கும் கீலுக்கும் நடுவில் இருக்கும் துண்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் மறு கையால் காலை அசைக்க வேண்டும். அந்தப் பிடி இல்லாவிட்டால் வேகம் முழுதும் லென்ஸுக்கும் பற்றவைத்த இடத்துக்கும் போய்விடும். ஸ்பிரிங் வைத்த கீல் என்றால் இன்னும் கவனம்: ஸ்பிரிங்கை அதன் எல்லைக்கு மேல் திறந்து வளைக்கப் பார்த்தால் உள்ளே இருக்கும் சின்னக் கம்பி தெறித்துவிடும்.

ஷெல் பிரேமைக் குளிர்ந்த நிலையில் வளைக்கவே கூடாது. முன்பெல்லாம் கடைகளில் சூடான மணலோ உப்போ நிரப்பிய தட்டு இருக்கும். காலை அதில் புதைத்து எடுப்பார்கள். இப்போது சூடான காற்று ஊதும் ஹீட்டர். வீட்டில் தலைமுடி உலர்த்தும் டிரையர் போதும். லென்ஸ் பக்கம் காற்று போகாமல், வளைக்க வேண்டிய இடத்தில் மட்டும் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் மேல்தோல் கொப்புளிக்கும். கை பொறுக்கும் சூடு வந்ததும் மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே கம்பி ஓடுகிற கால் என்றாலும், போதுமான சூடு ஏறியிருந்தால் எதிர்ப்பில்லாமல் இசைந்து கொடுக்கும், வாழையிலையை அனலில் வாட்டிய பிறகு மடிப்பது போல. முறுகும் சத்தம் கேட்டாலோ, வளைவில் வெண்மையாக ஒரு கோடு தெரிந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மறுபடி சூடாக்குங்கள். சரியான வாக்கு வந்ததும் பச்சைத் தண்ணீரில் நனைத்து ஆறும் வரை பிடித்திருக்க வேண்டும். பாதியில் விட்டால் பழைய கோணலுக்கே திரும்பும்.

டி.ஆர். 90 என்று விற்பது ஒரு வகை நைலான். கையால் முறுக்கினாலும் உடையாமல் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதுதான் அதன் பெருமை. சரிசெய்ய உட்காரும்போது அதுவே தலைவலி. லேசான சூட்டுக்கு மசியாது. நன்றாகச் சூடாக்கி, வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைத்து, முழுதும் ஆறும் வரை பிடித்திருந்தால்தான் பாதி நிற்கும். சாலையோரத்தில் நூறு நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் அச்சு பிரேம்களை நான் சரிசெய்ய ஒப்புக்கொள்வதில்லை. காசுக்காக இல்லை, பல சமயம் அந்தப் பிளாஸ்டிக் இளகுவதற்கு முன்னால் லென்ஸ் நெளிந்துவிடும். நெளிந்த லென்ஸில் சாலையே அலை அலையாகத் தெரியும்.

லென்ஸைக் கழற்றாமல் முன்பகுதியைச் சூடாக்காதீர்கள் என்பதைப் பழவேற்காட்டுக்காரர்களுக்கு எப்போதும் இரண்டு முறை சொல்கிறேன். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை வெட்டுவதால் அவர்களுக்குப் போலரைஸ்டு கண்ணாடிதான் உண்மையான உதவி. அந்த லென்ஸ் பல அடுக்காக ஒட்டப்பட்டது, நடுவில் மெல்லிய படலம். சூடு பட்டால் விளிம்பிலிருந்து பிரியத் தொடங்கும். பாதரசம் பூசியது போல மின்னும் லென்ஸின் மேல்பூச்சு சூட்டில் நுண்ணிய விரிசல் விடும். கடல்காற்றில் ஸ்குரூவும் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தாலே அவர்களுடைய கண்ணாடி இரண்டு மடங்கு காலம் வரும்.

மூக்கு விஷயத்தில் இரண்டு குடும்பம் உண்டு. 1937-இல் பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனம் விமானிகளை மனதில் வைத்துக் கொண்டுவந்த ஏவியேட்டர் மாதிரியில் நோஸ் பேட் தனியாக, சின்னக் கம்பிக் கையில் நிற்கும். 1952-இல் வந்த வேஃபேரர் மாதிரியில் மூக்குப் பாலமே பிரேமோடு வார்த்தது. இன்று சந்தையில் இருக்கும் பெரும்பாலான கூலிங் கிளாஸ் இந்த இரண்டில் ஒன்றைப் பார்த்து வந்தவைதான். நோஸ் பேட் உள்ளதில் மூக்கு சாய்ந்திருந்தாலும் சரிசெய்ய இடமிருக்கிறது: இரண்டு பேடையும் ஒரே பக்கமாக ஒரு துளி நகர்த்தினால் பிரேம் முழுதும் எதிர்ப்பக்கம் நகரும், பேடை உள்ளே நெருக்கினால் பிரேம் உயரும். பேட் தன் முழுப் பரப்போடும் மூக்கில் படிய வேண்டும். விளிம்பு மட்டும் பட்டால் சிவப்புத் தழும்பு விழும், தழும்பு எந்தப் பக்கம் ஆழமாக இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் பாரம் அதிகம். வார்த்த பாலம் உள்ளதில் இப்படி நகர்த்த வழியில்லை. நம்மில் பலருக்கு மூக்குத் தண்டு உயரம் குறைவு, கன்னம் அகலம். உயரமான மூக்குக்கு வார்த்த பிரேம் அதில் கீழே இறங்கிக் கன்னத்தில் உட்காரும், சிரித்தால் தூக்கும். அதற்கு ஒட்டும் சிலிக்கான் பேட் இருக்கிறது, பாலத்தின் உட்புறம் இரண்டு பக்கமும் சமமாக ஒட்டினால் ஓரளவு நிற்கும். ஆனாலும் அப்படிப்பட்ட முகத்துக்கு நோஸ் பேட் வைத்த பிரேமைத்தான் நான் எடுத்துக் கொடுப்பேன்.

பவர் இல்லாத கூலிங் கிளாஸ் கோணலாக இருந்தால் காதும் மூக்கும் வலிக்கும், பார்வை கெடாது. பவர் போட்ட கூலிங் கிளாஸில் கதை வேறு. பிரேமின் இரண்டு முனைகளுக்கும் நடுவே வெறும் மூன்று மி.மீ. ஏற்றத்தாழ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவிழிகளுக்கு நடுவே அது சுமார் ஒன்றரை மி.மீ. ஆகிறது. மைனஸ் 5 பவர் உள்ளவருக்கு அந்த ஒன்றரை மி.மீ., ஒரு கண்ணின் காட்சியை மற்றதைவிட மேலே தூக்கிக் காட்டுகிற 0.75 பிரிசம் அளவுக்கு வரும். இடவலமாக உள்ள வித்தியாசத்தைக் கண் ஓரளவு சமாளிக்கும், மேல்கீழ் வித்தியாசத்தைச் சமாளிக்கும் சக்தி அதற்குக் குறைவு. நெல்லூர் போய்த் திரும்புவதற்குள் நெற்றிப்பொட்டு வலிக்கிறது, எதிரே வருகிற வண்டி இரட்டையாகத் தெரிகிற மாதிரி இருக்கிறது என்று சொல்பவர்களுக்குப் பவரைத் திரும்பச் சோதிப்பதற்கு முன்னால் பிரேமை நேராக்கிப் பார்க்கிறேன். பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடுகிறது. தீராவிட்டால் தள்ளிப் போடாமல் கண் மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறேன். லாரி ஓட்டுநர்களின் கண்ணுக்காகவே சைட்சேவர்ஸ் இந்தியா 2017-இல் 'ராஹி' என்ற திட்டத்தைத் தொடங்கியது; நெடுஞ்சாலையில் அவர்களுடைய முகாம் தென்பட்டால் வண்டியை நிறுத்திக் காட்டிக்கொள்ளுங்கள் என்று எங்கள் கடைக்கு வரும் ஓட்டுநர்களிடம் சொல்வேன்.

சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், இதை மன்றாடியே சொல்கிறேன். கூலிங் கிளாஸ் பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு வெல்டிங் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். வெல்டிங் சுடருக்கு 10, 11 எண் அளவுக்குக் கறுத்த கண்ணாடி தேவை. எவ்வளவு கறுப்பான கூலிங் கிளாஸும் அதன் பக்கத்தில்கூட வராது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிந்து நீர் கொட்டும். கிரைண்டிங்கில் தெறிக்கும் துணுக்கையும் இது தாங்காது. சாலையோரக் கண்ணாடி உடைந்து சில்லே கண்ணுக்குள் போகும். இப்படிப்பட்ட வேலைகளுக்குக் கண் காப்பு கொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 35-ஆவது பிரிவில் அன்றைக்கே எழுதி வைத்தது. கொடுக்கிற கண்ணாடியில் ஐ.எஸ். 5983 என்ற தர எண் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது தொழிலாளியின் உரிமை.

அந்தப் பாதுகாப்புக் கண்ணாடியும் கோணலாகத்தான் உட்காருகிறது, அங்கே கோணல் அழகுப் பிரச்சினை இல்லை. ஒரு பக்கம் தூக்கினால் கன்னத்துக்கும் விளிம்புக்கும் நடுவே இடைவெளி விழும், துணுக்கு அந்த வழியாகத்தான் ஏறும். கண் மருத்துவரிடம் போய்த் துகள் எடுத்துவிட்டு வந்த ஒருவரிடம் "கண்ணாடி போட்டிருந்தீங்களா?" என்று கேட்டால், "போட்டுத்தான் இருந்தேன் மேடம்" என்பார். போட்டிருந்தது உண்மைதான், அவருடைய அளவுக்கு அது இல்லை. ஸ்டோர் பொறுப்பில் இருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே அளவு வாங்காமல் இரண்டு மூன்று அளவு வாங்கி வையுங்கள். காலின் நீளத்தையும் சாய்வையும் கூட்டிக் குறைக்கிற மாதிரி வருகின்றன, விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கொடுக்கும் அன்றைக்கே, வாங்குபவர் முகத்தில் போட்டு, கன்னத்திலும் பொட்டிலும் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்துச் சரிசெய்து கொடுங்கள். பாலிகார்பனேட் கண்ணாடியை உலைப் பக்கம் சூடு காட்டி வளைக்க வேண்டாம். இழுவைப் பட்டையோ, மாற்றுக் காலோ கேளுங்கள்.

ஸ்குரூவைப் பற்றிக் கொஞ்சம். ஒரு பக்கக் கால் தளர்ந்து தொங்கினாலும் கண்ணாடி கோணலாகத்தான் தெரியும், அதை வளைத்தால் கெடுதல். முதலில் சின்ன ஸ்குரூ டிரைவரால் இரண்டு கீலையும் முடுக்கிப் பாருங்கள். கால் தன் பாரத்தில் விழாமல், விரல் தொட்டால் மடங்கும் அளவு போதும். முடுக்கிய பிறகு தலையில் நகப்பூச்சு ஒரு துளி வைத்தால் பைக் அதிர்வில் கழலாது. துருவில் இறுகிய ஸ்குரூவை வேகத்தில் திருப்பினால் தலை மழுங்கிவிடும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

விளிம்பே இல்லாத, லென்ஸில் துளையிட்டுக் கால் பூட்டிய கண்ணாடி, டைட்டானியம் கம்பி, பவர் போட்ட வளைவுக் கண்ணாடி, இவற்றை மட்டும் வீட்டில் தொடாமல் கடைக்கு எடுத்து வாருங்கள். கீலுக்குப் பக்கத்தில் வெண்கோடு விழுந்த ஷெல் பிரேமும் அப்படித்தான். அது வளைவதற்கு முன்னால் முறியும். முறிந்துவிட்டாலும் தூக்கிப் போட வேண்டாம். லென்ஸ் கீறாமல் இருந்தால், காலில் உள்ள எண்ணைப் பார்த்து அதே அளவு பிரேம் தேடி, லென்ஸை ஓரம் தேய்த்து மாற்றிப் பொருத்த முடியும். பவர் போட்ட போலரைஸ்டு லென்ஸின் விலையை யோசித்தால், அந்த உடைந்த பிரேமையும் ஒரு டப்பாவில் போட்டுக் கடைக்குக் கொண்டு வருவது நல்லது.